'ஆயுள் முடிவு நாள்' யாருடைய கூற்று? கணினிச் சொத்துத் தரவுகளை வாசித்தல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் ஆலைகளும் பேணும் கணினிச் சொத்துத் தரவுகளில், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'ஆயுள் முடிவு நாள்' என்று ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அந்நாளைக் கொண்டே ஒரு கணினியை வைத்துக்கொள்வதா, மேம்படுத்துவதா, கழிவு செய்வதா என்னும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அந்நாள் பொருளின் இயல்பைக் குறிக்கும் உண்மையன்று. ஒருவர் மற்றொருவருக்கு, ஒரு களத்தில், ஒரு பயன் கருதிச் சொன்ன கூற்று என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகள் இக்கூற்றை வாசிக்கும் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிர்வாக வரலாறும் கணினிப் பயன்பாட்டுச் சூழலும் ஆய்வுக் களமாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: ஆயுள் முடிவு நாள், சொத்துத் தரவு, கூற்று, கேட்போர், பாடவேறுபாடு, மின்னணுக் கழிவு, பெரம்பலூர், அரியலூர்

முன்னுரை

சங்க அகப்பாடல்களை வாசிப்போர் பாடலின் அடியில் நிற்கும் துறைக்குறிப்பை நோக்குவது மரபு. பேசுபவர் தலைவியா, தோழியா, கேட்பவர் யார் என்பது தெரிந்த பின்னரே பாடலின் பொருள் நிலைபெறுகிறது. ஒரே பாடலுக்கு இரு கூற்றுகள் பொருந்துவதாகக் குறிக்கப்பட்ட இடங்களும் உண்டு. பேசுபவரை மாற்றினால் சொற்கள் மாறாமலே பொருள் மாறிவிடும். தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்குரியனவாக எண்ணும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் இடம்பெற்றிருப்பதன் இன்றியமையாமை இதுவே.

இன்றைய கணினிச் சொத்துப் பதிவேட்டில் இத்தகைய குறிப்பு இல்லை. 'ஆயுள் முடிவு: 14.10.2025' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதைச் சொன்னவர், கேட்க வேண்டியவர், முடிந்த பொருள் ஆகிய மூன்றும் பதிவில் விடுபட்டுள்ளன. இலக்கணம் வகுத்தோர் கணினியைக் கருதினர் என்பது இங்குக் கூற்றன்று. கூற்றை வாசிக்கத் தமிழில் வளர்ந்துள்ள முறை, கூற்று என்றே உணரப்படாத ஒன்றை வாசிக்கவும் துணைசெய்யும் என்பதே கருத்து.

1. சொல்லும் பொருளும்

'ஆயுள் முடிவு' என்னும் தொடர் மூன்று வேறு துறைகளில் மூன்று வேறு பொருள்களில் வழங்குகிறது.

முதலாவது, உற்பத்தி நிறுவனங்களின் வழக்கு. மென்பொருளுக்கும் கருவிக்கும் தாம் வழங்கும் விற்பனை, திருத்தம், உதவி ஆகியவற்றை நிறுத்தும் நாளை அவை இத்தொடரால் சுட்டுகின்றன. இரண்டாவது, சட்ட வழக்கு. இந்திய அரசின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, பயனர் ஒரு பொருளைக் கைவிடக் கருதும் காலத்தையே அப்பொருளின் ஆயுள் முடிவு என வரையறுத்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டு விதிகளும் இதே நோக்கைப் பின்பற்றுகின்றன. மூன்றாவது, கணக்கியல் வழக்கு. நிறுவனங்கள் சட்டம், 2013இன் இரண்டாம் அட்டவணை மேசைக்கணினி, மடிக்கணினி போன்றவற்றுக்கு 3 ஆண்டுகளையும் சேவையகம், வலையமைப்புக் கருவிகளுக்கு 6 ஆண்டுகளையும் பயனுள்ள ஆயுளாகக் குறிக்கிறது. இது தேய்மானம் கணக்கிடுவதற்கான கால அளவு.

முதல் வழக்கில் முடிவைச் சொல்பவர் விற்றவர். இரண்டாவதில் முடிவு பயனரின் கருத்தில் உள்ளது. மூன்றாவதில் அது ஏட்டில் நிகழ்கிறது. மூன்றும் ஒரே பெயரில் ஒரே கட்டத்துள் எழுதப்படும்போது, விற்றவரின் அறிவிப்பு பயனரின் முடிவாக மாறிவிடுகிறது. 'உதவி நிறுத்தம்' என்பது 'கைவிடத்தக்கது' என வாசிக்கப்படுகிறது.

தமிழில் இவ்விடர் இன்னும் கூடுகிறது. 'காலாவதி' என்னும் சொல் மருந்துக்கும் உணவுப்பொருளுக்கும் பழகிய சொல். காலாவதியான மருந்தை உண்ணலாகாது என்னும் அறிவு அச்சொல்லோடு ஒட்டி வருகிறது. கணினியைப் பற்றி அதே சொல்லை ஆளும்போது அவ்வச்சமும் உடன் வருகிறது. நல்ல நிலையில் இயங்கும் கருவியைக் கழிவாக்க அச்சொல்லே காரணமாகிவிடக்கூடும். மறுதலையாக, 'ஆயுள்' என்னும் சொல் இயக்கத்தையே நினைவூட்டுவதால், 'ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணினியை வலையமைப்பில் விட்டுவைக்கும் போக்கும் உண்டு. இரு பிழைகளுக்கும் வேர் ஒன்றே. நிகழ்வின் பெயர் கூறப்படாமல் நாள் மட்டும் கூறப்படுவதே அது.

2. கூற்றும் கேட்போரும்

விண்டோஸ் 7 இதற்குத் தக்க சான்று. 2009 அக்டோபர் 22இல் வெளியான இவ்வியக்குதளத்திற்குப் பொது ஆதரவு 2015 சனவரி 13இல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளடக்கிய நீட்டித்த ஆதரவு 2020 சனவரி 14இல் முடிந்தது. அதன்பின் கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் 2023 சனவரி 10 வரை திருத்தங்கள் கிடைத்தன. அவ்வாய்ப்பு தொழில்முறை, நிறுவனப் பதிப்புகளுக்கே உரியது; வீட்டுப் பயன்பாட்டுப் பதிப்புகளுக்கு இல்லை. 2015, 2020, 2023 என்னும் மூன்று ஆண்டுகளுள் எது விண்டோஸ் 7இன் முடிவு? கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

இவ்வினாவின் சமூகப் பொருளை உணரத் தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நோக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்கக் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. பாஸ், டெபியன் இயக்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் ஒவ்வொரு வெளியீடும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளும் பெறுவது இன்றைய நடைமுறை. அடுத்த வெளியீட்டுக்குக் கட்டணமின்றி மாறலாம். ஆகவே ஒரே கருவிக்குள் இரு கூற்றுகள் இருந்தன. ஒன்று முடிந்த நாளிலும் மற்றொன்றைப் புதுப்பித்துக் கருவியைத் தொடர வழி இருந்தது. 'மடிக்கணினி: ஆயுள் முடிவு 14.01.2020' என்று எழுதும் பதிவு, இரண்டாவது கூற்றை அழித்துவிட்டே எழுதுகிறது.

கேட்போர் என்னும் உறுப்பு இங்கு மேலும் கூர்மை பெறுகிறது. மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினி மாணவரின் உடைமை; எந்த நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டிலும் அது நிற்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு அதுவே முதற்கணினி. பராமரிக்கத் தனிப்பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஆதரவு நிறைவு அறிவிப்பு போய்ச் சேர்கிறது. கட்டண நீட்டிப்பும் அவர்களை நோக்கியே அமைந்தது. அறிவிப்பு யாரை மிகுதியாகப் பாதித்ததோ அவர்கள் அதன் கேட்போர் அல்லர்.

3. களன்

ஒரு பெயரின் கீழ் எத்தனை பொருள்கள் அடங்கும் என்பது களனைப் பொறுத்தது. 'விண்டோஸ் 10' என்பது தரவில் ஒரு பெயர். வழக்கில் அது பல பொருள். பொதுப் பயன்பாட்டுப் பதிப்பின் இறுதி வெளியீடாகிய 22ஹெச்2வுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நிறைவுற்றது. அதற்கு முந்திய 21ஹெச்2வின் வீட்டு, தொழில்முறைப் பதிப்புகளுக்கு 2023 சூன் 13லேயே நிறைவுற்றது. நீண்டகாலப் பராமரிப்புக்கென வெளியிடப்பட்ட நிறுவனப் பதிப்புகளுள் 2019ஆம் ஆண்டினதற்கு 2029 சனவரி 9 வரையும், 2021ஆம் ஆண்டினதற்கு 2027 சனவரி 12 வரையும் ஆதரவு உண்டு. பின்வந்தது முன் முடிகிறது. கருவிகளில் பதிக்கப்படும் 2021ஆம் ஆண்டு நீண்டகாலப் பதிப்புக்கோ 2032 சனவரி 13 வரை ஆதரவு நீள்கிறது.

சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமெண்ட் ஆலைகள் செறிந்த அரியலூர்ப் பகுதிக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ஆலைக் கட்டுப்பாட்டு அறைக் கணினியின் இயக்குதளத்தை அலுவலகக் கணினியைப் போல விரும்பிய நாளில் மாற்ற இயலாது. கட்டுப்பாட்டு மென்பொருளை வழங்கியவரின் ஒப்புதலும் உற்பத்தி நிறுத்தக் காலமும் வாய்க்க வேண்டும். நீண்டகாலப் பதிப்புகள் இத்தகைய களங்களுக்காகவே உள்ளன. அலுவலகக் கணினிக்குரிய நாளைக் கட்டுப்பாட்டு அறைக் கணினிக்கும் ஏற்றினால் தேவையற்ற மாற்றமும் செலவும் நேரும். மாறாகக் கட்டுப்பாட்டு அறைக்குரிய நாளை அலுவலகத்திற்கு ஏற்றினால் பாதுகாப்பு இழப்பு நேரும்.

நிர்வாகக் களனும் நிலையானதன்று. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அதிலிருந்து 2001 சனவரி 1இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. விண்டோஸ் எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபர் 25. அதன் ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. அரியலூர் மாவட்டம் ஒருமுறை மறைந்து மீண்டும் தோன்றியது இவ்வொரு மென்பொருளின் ஆதரவுக் காலத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. அரியலூரில் 2003இல் வாங்கிய கணினி அன்றைய ஏட்டில் பெரம்பலூர் மாவட்டச் சொத்து. 2008க்குப் பின் தொகுத்த தரவில் அது அரியலூரில் இருக்க வேண்டும். பழைய இடப்பெயரைப் பின்பற்றித் தொகுத்தால் அக்கணினி ஒரு மாவட்டத்தில் இருமுறை எண்ணப்படலாம். அல்லது இரு மாவட்டங்களிலும் விடுபடலாம். ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டை வாசிப்போர் அரசன் யார் என்பதை முதலில் தெளிவதைப் போல, இங்கும் நாளுக்கு முன் இடத்தைத் தெளிய வேண்டியுள்ளது.

4. காலம்

நாள் எழுதும் முறையிலும் இடர் உண்டு. அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும். நம் வழக்கில் நாள் முதலில் வரும். விண்டோஸ் 8.1இன் ஆதரவு நிறைவு நாளாகிய 2023 சனவரி 10 அமெரிக்க முறையில் 1/10/2023 என எழுதப்படும். அதே எண்கள் பெரம்பலூர் அலுவலகத்தில் அக்டோபர் 1 எனப் பொருள்படும். இடைவெளி 264 நாள்கள். அத்தனை நாளும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணினி, 'ஆதரவில் உள்ளது' என்னும் குறிப்போடு ஏட்டில் நிற்கும். எக்ஸ்பியின் 4/8/2014 ஆகஸ்ட் 4 என வாசிக்கப்பட்டால் பிழை 118 நாள்கள். 10/14/2025 என்பதிலோ பதினான்காம் மாதம் இல்லாமையால், அட்டவணை மென்பொருள் அதை நாளாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, ஒரே பட்டியலில் சில நாள்கள் தவறாகத் திரியும். சில நாள்கள் வரிசையிலிருந்தே விலகும். கண்ணில் படும் பிந்தையதைக் காட்டிலும் முந்தையதே ஆபத்தானது. ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையை மேற்கொண்டால் இக்குழப்பம் நீங்கும்.

5. பாடவேறுபாடு

சுவடிப் பதிப்பில் படியெடுத்தோர் பிழையை மூலத்தின் பிழையாகக் கொள்ளாமை அடிப்படை நெறி. சொத்துத் தரவும் படியெடுக்கப்படுவதே. கணினியைத் தானியங்கியாக ஆராயும் கருவி ஒன்றைப் படிக்கிறது. அதைப் பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டு முடிவு நாள் இணைக்கப்படுகிறது. இவ்விரு படிகளிலும் பாடம் திரியும்.

விண்டோஸ் 11இன் உள் எண் இன்றும் 10.0 என்றே தொடங்குகிறது. கணினியின் பதிவகத்தில் பொருளின் பெயர் 'விண்டோஸ் 10' என்றே எஞ்சியிருப்பதும் உண்டு. கட்டமைப்பு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருப்பதைக் கொண்டே அது விண்டோஸ் 11 எனத் தெளியலாம். பெயரை மட்டும் படிக்கும் கருவி, புதிய கணினியை ஆதரவு முடிந்ததாகப் பட்டியலிடும். இங்குப் பெயர் பிற்காலத்தார் ஒட்டிய குறிப்பைப் போன்றது. கட்டமைப்பு எண்ணே அகச்சான்று. இரண்டும் முரண்படும்போது அகச்சான்றைக் கொள்வதே ஆய்வு நெறி.

6. பயன்

ஆதரவு நிறைவு நாள் பாதுகாப்பின் எல்லையாகக் கருதப்படுகிறது. 2017 மே 12இல் பரவத் தொடங்கிய வான்னாக்ரை தாக்குதல் இக்கருத்தைச் சோதித்தது. அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தம், ஆதரவிலிருந்த இயக்குதளங்களுக்கு 2017 மார்ச் 14இலேயே வெளியாகியிருந்தது. தாக்குண்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7இல் இயங்கியவை. திருத்தம் நிறுவப்படாமையே அவற்றின் குறை. மறுபுறம், மூன்றாண்டுகளுக்கு முன்பே ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது சிறப்புத் திருத்தம் வெளியிட்டது. முடிவு நாளுக்கு முன் இருந்தவை வீழ்ந்தன. முடிவு நாளுக்குப் பின் இருந்ததற்குத் திருத்தம் வந்தது. எனவே நாள் மட்டும் பாதுகாப்பைச் சொல்வதில்லை. 'திருத்தம் கிடைக்குமா' என்பது ஒரு வினா. 'கிடைத்த திருத்தம் நிறுவப்பட்டதா' என்பது வேறொரு வினா. பதிவேடு முதல் வினாவுக்கே விடை கூறுகிறது.

கருவிகளைப் பொறுத்தவரை இப்பன்மை வெளிப்படையாகவே உள்ளது. சிஸ்கோ நிறுவனத்தின் அறிவிப்புகளில் விற்பனை நிறுத்தம், மென்பொருள் பராமரிப்பு நிறுத்தம், ஆதரவின் கடைசி நாள் ஆகியவை தனித்தனியே தரப்படுகின்றன. விற்பனை நிறுத்தத்திற்கும் ஆதரவின் கடைசி நாளுக்கும் இடையே வழக்கமாக ஐந்தாண்டுகள் உள்ளன. தரவைத் தொகுப்பவர் முதல் நாளை எடுத்து 'ஆயுள் முடிவு' என எழுதினால், வலையமைப்புக் கருவி ஒன்று ஐந்தாண்டுகளுக்கு முன்பே கழிவுப் பட்டியலில் ஏறும்.

பயனைக் கருதி முடிவு நாளை ஆண்ட ஒரு முன்மாதிரியும் தமிழ்நாட்டில் உண்டு. 2014இல் எக்ஸ்பியின் ஆதரவு நிறைவை ஒட்டி, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. அவ்வறிவுறுத்தல் முடிந்தது இயக்குதளத்தின் ஆதரவேயன்றிக் கணினி அன்று என்னும் வாசிப்பின்மேல் அமைந்தது. நடைமுறையில் அது எவ்வளவு வென்றது என்பது தனி ஆய்வுக்குரியது. வாசிப்பு முறை என்ற அளவில் அது தெளிவானது.

7. எச்சமும் முன்னமும்

சொல்லப்படாது எஞ்சி நிற்பதும் பொருளின் பகுதி. முடிவு நாள் கட்டம் வெறுமையாக இருந்தால், 'அறிவிக்கப்படவில்லை', 'தேடப்படவில்லை', 'இப்பொருளுக்குப் பொருந்தாது' என்னும் மூன்றில் எது என்பது தெரிவதில்லை. வெறுமையை நிரப்ப 31.12.9999 போன்ற நாள் இடப்படுவதும் உண்டு. அறியாமை அங்கே என்றும் முடியாத ஆயுளாக உருமாறுகிறது. எச்சத்தை எச்சமாகவே பதிவது நேர்மையான முறை. முடிவு நாள் தகவல்களைப் பொறிகள் படிக்கும் வடிவில் தரப்படுத்த ஓயசிஸ் அமைப்பின் கீழ் ஓப்பன்இஓஎக்ஸ் என்னும் முயற்சி நடைபெறுவது, உற்பத்தியாளர்தோறும் வழக்கு வேறுபடுகிறது என்பதற்கு அத்துறையே தரும் சான்று.

இன்ன இடத்தில், இன்னார் இன்னார்க்கு, இதைச் சொல்வது உரியது என உய்த்துணர்வது முன்னம். சொத்துத் தரவை வாசிப்பவர் செய்ய வேண்டியதும் அதுவே.

இதற்கு எதிராக ஒரு கருத்து எழக்கூடும். கணினிப் பணியாளர் ஒருவர்கூட இல்லாத ஊராட்சி ஒன்றியப் பள்ளியோ சிறு அலுவலகமோ இத்தனை கட்டங்களை நிரப்ப இயலுமா? ஒற்றை நாள் குறையுடையதாயினும் பயன்படுத்த எளிதன்றோ? இக்கருத்து புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒற்றை நாளின் எளிமை பதிவோருக்கு உரியது. அதன் விலையைத் தருவோர் பயன்படுத்துவோர். வளம் மிக்க நிறுவனம் தவறான நாளால் ஒரு கணினியை இழந்தால் மற்றொன்றை வாங்கும். சிறு பள்ளிக்கு அது ஓராண்டு வகுப்பின் இழப்பு. ஆகவே வளம் குறைந்த இடத்திற்கே தெளிவான பதிவு மிகுதியாகத் தேவைப்படுகிறது. எல்லா உறுப்புகளையும் எழுத இயலாவிடினும், எந்தப் பதிப்பு, எந்த நிகழ்வு, யார் கூற்று என்னும் மூன்றையேனும் நாளோடு சேர்த்து எழுதலாம். இருப்புப் பதிவேட்டின் குறிப்புக் கட்டமே அதற்குப் போதும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

'ஆயுள் முடிவு' என்னும் தொடர் உற்பத்தியாளர், சட்டம், கணக்கியல் ஆகிய மூவழக்குகளில் வேறு வேறு பொருள் தருகிறது. இந்தியச் சட்ட வழக்கில் முடிவைத் தீர்மானிப்பவர் பயனரே. சொத்துத் தரவு உற்பத்தியாளர் கூற்றைப் பெயர் சுட்டாமல் பதிவதால் அவ்வுரிமை பயனர் கையிலிருந்து அறியாமலே நழுவுகிறது.

பதிப்பு, வெளியீடு, இடம், நாள் எழுதும் முறை ஆகியவற்றுள் ஒன்று பிழைத்தாலும் முடிவு நாள் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ திரியும். மாவட்ட எல்லைகள் பலமுறை மாறிய பெரம்பலூர், அரியலூர் போன்ற பகுதிகளில் இடப்பதிவையும் காலத்தோடு பொருத்தி வாசிக்க வேண்டும்.

தமிழில் 'காலாவதி', 'ஆயுள் முடிவு' என்னும் பொதுச்சொற்களுக்கு மாற்றாக விற்பனை நிறைவு நாள், பொது ஆதரவு நிறைவு நாள், பாதுகாப்புத் திருத்த நிறைவு நாள், கழிவு செய்யும் நாள் எனத் தனித்தனிச் சொற்களை ஆளுதல் வேண்டும். இவற்றுள் முதல் மூன்றும் விற்றவர் கூற்று; நான்காவது வைத்திருப்பவர் கூற்று. இவ்விரண்டையும் பிரித்து எழுதும் பதிவேடு, இன்னும் பயன்தரும் கணினியைக் கழிவாக்கவும் செய்யாது. திருத்தம் நின்ற கணினியைப் பாதுகாப்பானதென மறைக்கவும் செய்யாது.